தேக்காவில் முடிந்த படம்

கல்யாண வீட்டில் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் போதும், சாப்பாடு தயாராகும் வரை நான் தாங்குவேன். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்வேன். மாமனாரைக் கிண்டல் செய்வேன். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில்கூட ஒரு துணுக்கைச் செருகிவிடுவேன். பல வருடமாக இந்தப் பிழைப்பு. காசுக்கு அல்ல, பழக்கத்துக்கு. இதனால் சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்த தமிழர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததுமே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்; அவர்கள் முன்பு மாப்பிள்ளையாக இருந்தவர்கள்.

ஆனால் யாராவது, "ஒரு விஷயத்தைப் பற்றி ஒழுங்காகப் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள் இப்படியா என்றால், ஆமாம், இப்படித்தான்.

சென்ற ஆண்டு அப்படி ஒருவர் சொன்னார். எங்கள் சமூக மன்றத்தில் தமிழ் நிகழ்ச்சிகளை நடத்தும் குழுவின் செயலாளர். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. ஒரு சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் நான் தே தாரிக் என்னும் நுரை பொங்க ஆற்றிய டீயைக் குடித்துக்கொண்டிருந்த மேசைக்கு, ஒரு கையில் முருங்கைக்காயும் மறு கையில் மீன் பையுமாக வந்து நின்றார்.

"அண்ணே, பழைய படங்களப் பத்தி ஒரு ப்ரோகிராம் செய்யறோம். உங்க ஆளுங்க ரெண்டு பேரப் பத்தி நீங்கதான் பேசணும்."

"என் ஆளுங்களா? யாரும்மா அது?"

"அட, எந்தக் கல்யாணத்துல பாத்தாலும் சாப்பாட்டு டேபிள்ல அவங்களப் பத்தித்தானே பேசுறீங்க. அந்த நடிகரு, அந்த டைரக்டரு. அந்த ரயில்வே ஸ்டேஷன் சீன எனக்கே எத்தன தடவ சொல்லியிருப்பீங்க லா."

"சரி. நடுவுல நாலு ஜோக்கு போட்டுக்கலாமா?"

"வேணாண்ணே." மீன் பையைக் கீழே வைத்தார். "இந்த ஒரு தடவ ஜோக்கு வேணாம். நீங்க அந்தப் படங்களப் பத்திப் பேசுறப்ப மட்டும் உங்க மூஞ்சி வேற மாதிரி ஆயிடும். அந்த மூஞ்சியோட வந்து பேசுங்க. நல்ல தமிழ்ல."

அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் தே தாரிக் ஆறிவிட்டதைக் கவனித்தேன். பயம் ஒருபக்கம். மறுபக்கம், உள்ளூர எனக்கு அதுதான் ஆசை. எத்தனையோ மேடைகளில் ஊரைச் சிரிக்க வைத்தாயிற்று. எனக்குப் பிடித்த ஒரே ஒரு விஷயத்தை, யாரும் சிரிக்காமல், என் கண்ணால் பார்க்கிற மாதிரி பார்க்க வைக்க வேண்டும். அது நடந்துவிட்டால் போதும், அடுத்த கல்யாணத்திலிருந்து மறுபடி மாப்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளலாம்.

அந்த இருவரின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்கள் வீட்டில் சண்டை வரும். ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு நடிகர் உண்டு, அவருக்கு எதிர்க்கட்சியும் அதே வீட்டில் உண்டு. விஷயம் இவ்வளவுதான்: கறுப்பு வெள்ளைக் காலத்து நடிகர் ஒருவர். வெண்கலக் குரல். வசனம் பேசினால் கடைசி வரிசை நாற்காலி அதிரும். அவரை வைத்துப் படமெடுத்தவர்கள் எல்லாரும் அந்தக் குரலைத்தான் கேட்டு வாங்கினார்கள். அவரும் குறை வைக்காமல் கொடுத்தார். கோர்ட்டில் கொடுத்தார், கோயிலில் கொடுத்தார், மழையில் நனைந்துகொண்டே கொடுத்தார்.

அந்த இருவரில் இன்னொருவரான என் இயக்குநர் மட்டும் அவரிடம் கையைக் கேட்டார்.

இருவரும் சேர்ந்து செய்தவை கொஞ்சம் படங்கள்தான். அவற்றில் எதை எடுத்தாலும் நடிகருக்குக் கையில் ஒரு வேலை இருக்கும். ஒரு படத்தில் அவர் போலீஸ்காரர். அந்தக் காலத்துப் போலீஸ்காரர்கள் முழங்காலுக்குக் கீழே நீளமான பட்டைத் துணியைச் சுற்றியிருப்பார்கள் அல்லவா, அதை அவிழ்த்துக்கொண்டே இருக்கிறார். எதிரே நின்று மகன், நான் வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துணி அவிழ்ந்துகொண்டே வருகிறது. மகன் சொல்லி முடிக்கும்போது துணியும் முடிகிறது. மகன் வாசலைத் தாண்டிப் போகிறான். இவர் குனிந்து அதே துணியை மறுபடி காலில் சுற்ற ஆரம்பிக்கிறார். எங்கே போவதற்கு? எங்கும் இல்லை. கைக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். வெண்கலக் குரலை வைத்திருக்கிற மனிதரிடம் போய், வாயை மூடிக்கொண்டு துணி சுற்றுங்கள் என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும். அதற்குச் சம்மதிக்க அதைவிட அதிகம் வேண்டும்.

இன்னொரு படத்தில் வேலை போன செய்தியைக் கேட்டுக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். நாளைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போக ஓர் இடமில்லை. ஆனாலும் காலரைத் திருப்பிப் போட்டு இன்னொரு தேய்ப்பு. நான் சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். ஆட்குறைப்பு பற்றிப் பேச்சு வந்த ஒரு வருடம் முழுக்க எனக்கு அந்தக் காலர்தான் ஞாபகம் வந்தது. என் சட்டைகள் அந்த வருடம் போல் எப்போதும் மடிப்புக் கலையாமல் இருந்ததில்லை.

இதே நடிகரை வைத்துப் படமெடுத்துத் தள்ளிய வேறொருவரும் உண்டு. அவருக்கு நான் வைத்த பெயர் ஃபேக்டரி. ஜூரோங் கப்பல் பட்டறையில் என் அப்பா இரும்புத் தகடு வெட்டிய வேகத்தில் அவர் படம் வெட்டினார். ஒரே வீடு, ஒரே மாடிப்படி, ஒரே அழுகை. கல்யாண மேசையில் என் இயக்குநரைத் தூக்க வேண்டுமானால் ஃபேக்டரியைக் கீழே போட்டு மிதிப்பது என் வழக்கம்.

இனி ரயில் நிலையக் காட்சி. இருவரும் சேர்ந்து செய்த படங்களில் எனக்கு ஆகப் பிடித்த படத்தின் முடிவு அது. தபால் நிலைய குமாஸ்தா ஒருவர் இருந்ததை எல்லாம் விற்றுத் தங்கையைக் கட்டிக்கொடுக்கிறார். போன இடத்தில் அவள் அண்ணனை மறந்துபோகிறாள். கடைசியில் மனம் மாறி, ஆள் அனுப்பி, வா என்று கூப்பிடுகிறாள். அண்ணன் திகைத்து நிற்கிறார். அங்கே திரையில் சில நொடி வெள்ளைக் கோடுகள். அடுத்து, ரயில் நிலையம். பெஞ்சில் அண்ணன் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருக்கிறார். ரயில் வருகிறது, நிற்கிறது, போகிறது. அவர் ஏறவில்லை. ஒரு சுளையை வாயில் போட்டுக்கொள்கிறார். திரையில் எழுத்து: வணக்கம்.

இதைச் சொல்லும்போது எப்போதும் கையால் ஆரஞ்சு உரித்துக் காட்டுவேன். கூடவே ஒரு வியாக்கியானமும் செய்வேன்: "அந்த வெள்ளைக் கோடுகள கவனிங்க. அண்ணன் மனசு கிழியறத திரையையே கிழிச்சுக் காட்டுறாரு. அந்தக் காலத்துல எவன் செஞ்சான்?"

இந்தப் படத்தை நான் பார்த்தது கேசட்டில். தேக்காவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு வீடியோ கடை இருந்தது. அப்பா சனிக்கிழமைதோறும் வாடகைக்கு எடுத்து வருவார். கடையை மூடியபோது இந்த ஒரு கேசட்டை எனக்காக விலைக்கே வாங்கிவிட்டார். நாடா நைந்து, கடைசியில் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துச் செத்துப்போகும் வரை போட்டுப் பார்த்தேன். அதெல்லாம் என் கல்யாணத்துக்கு முன்பு. அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, மனப்பாடம்.

என் மனைவி பார்த்ததே இல்லை. பெண் பார்த்துவிட்டு வந்தபின் முதன்முதலாகத் தனியாகப் பேசியபோது, டோபி காட் பகுதியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நான் அவளிடம் சொன்னது இந்தக் காட்சியைத்தான். அவள் அழுதாள். அன்றே சம்மதமும் சொன்னாள்.

பேச்சுக்கு முந்தைய வாரம், எனக்கும் அவளுக்கும் விடுமுறையாக அமைந்த ஒரு பிற்பகல். படம் இணையத்தில் முழுசாகக் கிடைத்தது. மேடையில் காட்ட வேண்டிய பகுதியைக் குறித்துக்கொள்ளலாம் என்று தொலைக்காட்சியில் போட்டேன். மனைவி பீன்ஸ் கூடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து கேக்குறேன், உங்க ரயில இன்னைக்காச்சும் பாப்போம்."

படம் ஓடியது. தங்கை கல்யாணம், பிரிவு, எல்லாம் என் மனப்பாடப்படி வந்தது. தங்கை அனுப்பிய ஆள் வந்தான். அண்ணன் திகைத்து நின்றார். "இப்பப் பாரு, கோடு வரும்" என்றேன்.

கோடு வரவில்லை. அண்ணன் கிளம்பித் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை காலில் விழுந்தாள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நகைச்சுவை நடிகர் கால் தடுக்கி விழ, எல்லாரும் சிரிக்க, குடும்பமே வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. வணக்கம்.

மனைவி பீன்ஸ் கிள்ளுவதை நிறுத்தினாள். "ரயிலு எங்க?"

"வரும்."

"வணக்கம் போட்டாச்சே."

"அதுக்கப்புறம் வரும்."

"வணக்கத்துக்கு அப்புறமா?"

நான் படத்தைப் பின்னால் ஓட்டினேன். முன்னால் ஓட்டினேன். இது வேறு பிரதி என்றேன். வெட்டிவிட்டார்கள் என்றேன். வெளிநாட்டுக்கு வேறு முடிவு அனுப்பியிருப்பார்கள் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது அந்தப் படம்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏய், அதே ஆளு, அதே மீசை, அதே வெள்ளைச் சட்டை!"

"கறுப்பு வெள்ளப் படத்துல எல்லாச் சட்டையும் வெள்ளதாங்க."

அப்போதுதான் எனக்குக் கேசட்டின் முதுகு ஞாபகம் வந்தது. அதில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுக்கு அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. சின்ன வயதில் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன். ஃபேக்டரியின் படம் ஒன்றின் பெயர். கடைக்காரர் புதுக் கேசட் வாங்குகிறவர் இல்லை. போணியாகாத படத்தின் மேலேயே வேறு படத்தைப் பதிந்துவிடுவார். பழசு நீளமாக இருந்தால் புதுசு முடிந்தபின் பழசின் வால் மிச்சம் இருக்கும். அன்று பதிவு கொஞ்சம் முன்பே நின்றுபோயிருக்க வேண்டும். திகைத்து நின்ற அண்ணனோடு ஒரு படம் அறுந்து, சில நொடி கோடுகள் ஓடி, அடியில் கிடந்த பழைய படத்தின் வால் தொடங்கியிருக்கிறது.

ஃபேக்டரியின் அந்தப் படத்தை இணையத்தில் தேடி எடுத்து நேராகக் கடைசிக்கு ஓட்டினேன். ரயில் நிலையம். பெஞ்சு. ஆரஞ்சு.

என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த காட்சியை எடுத்தவர், நான் கல்யாணத்துக்குக் கல்யாணம் மிதித்துக்கொண்டிருந்த மனிதர். மனம் கிழிந்ததைக் காட்டிய அந்தப் புரட்சிகரமான கோடுகளை இயக்கியது ஒரு வீடியோ கடைக்காரர்.

மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "அப்ப டோபி காட்டுல என்னைய அழ வெச்சது ஃபேக்டரியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு பீன்ஸை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் செயலாளரை அழைத்து நிகழ்ச்சியைத் தள்ளிப்போடச் சொல்லலாம் என்று கைப்பேசியை எடுத்தால், அவரே சுவரொட்டியை அனுப்பியிருந்தார். என் படம். கீழே பெரிய எழுத்தில்: அந்த ரயில் நிலையக் காட்சி, ஓர் இயக்குநரின் துணிச்சல்.

அழைத்தேன். "தங்கச்சி, எனக்கு உடம்பு கொஞ்சம்..."

"ஐயோ அண்ணே, இடம் ஃபுல். சமோசாவுக்கும் சொல்லியாச்சு. இனி கேன்சல் செய்ய விடமாட்டாங்க லா."

சிங்கப்பூரில் பேச்சாளர் வராவிட்டால் மன்னிப்பார்கள். சமோசாவை ரத்து செய்ய வழி கிடையாது.

அடுத்த சில நாட்கள் நான் செய்தவற்றை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கிடங்கில் சரக்குப் பெட்டிகளின் முன்னால் நின்று தூய தமிழில் ஒத்திகை பார்த்தேன். பெட்டிகள் சலனமில்லாமல் கேட்டன, அதுவே பெரிய ஆறுதல். வயிற்றுவலி என்று படுத்துப் பார்த்தேன். மனைவி பாலிகிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கிறவள். லீவுச் சீட்டுக்காக வருகிறவர்களின் வயிற்றுவலியைத் தினமும் பார்க்கிறவள்.

"வலி எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

"அப்படின்னா ஒண்ணும் இல்ல. எந்திரிங்க."

கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. ரயில் நிலையத்தை அப்படியே காட்டிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? படத்தின் பெயரை லேசாக முழுங்கிவிட்டால் போதும். அதை அவளிடம் சொன்னேன். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே, "செய்யுங்களேன். நான் மொத வரிசையிலதான் உக்காந்திருப்பேன்" என்றாள்.

அந்த யோசனை அதோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மன்றத்தின் இரண்டாம் மாடி அறை. நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், அதற்கு மேற்பட்டவர்கள். பின்வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் சிலர். நான் ஒலிவாங்கி முன் நின்று, "அவையோர் அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்" என்றேன்.

அறையே சிரித்தது. வணக்கத்துக்கு!

விடாமல் போலீஸ்காரரின் பட்டைத் துணிக்கு வந்தேன். அவிழ்ப்பதைக் கையால் காட்டினேன். முன்வரிசையில் சிரிப்பு நின்றது. மகன் வாசலைத் தாண்டும்போது நடுவரிசையில் நின்றது. சட்டைக் காலருக்கு வந்தபோது பின்வரிசை இளைஞர்கள் கைப்பேசியைக் கீழே வைத்திருந்தார்கள். இப்படியே முடித்துவிடலாமா என்றிருந்தது. முதல் வரிசையைப் பார்த்தேன். மனைவி கால்மேல் கால் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"ரயில் நிலையக் காட்சிக்காக வந்திருக்கிறீர்கள்," என்றேன். "அந்தக் காட்சி நான் சொல்லிவந்த குமாஸ்தா படத்தில் இல்லை."

சிரிப்பு.

"உண்மையாகவே இல்லை. அது வேறொருவர் எடுத்த படம். என் கேசட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நான் இத்தனை வருடம் உங்களிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்."

பெரிய சிரிப்பு. யாரோ தொடையைத் தட்டினார்கள். "சத்தியமா ஜோக்கு இல்லீங்க!" என்று என் தூய தமிழும் கைவிட்டுப் போனது. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நடுவரிசையில் ஓர் அம்மா எழுந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். ஆரஞ்சு நிறக் கைப்பையை மார்போடு அணைத்திருந்தார்.

"தம்பி, நில்லுங்க. ஸ்டேஷனுக்கு முன்னால வெள்ள வெள்ளயா கோடு வருமா?"

"வரும்மா."

"அண்ணன்காரன் இப்படி வாயத் தொறந்துகிட்டு நிப்பானே, அப்பத்தானே?"

"அப்பத்தான்!"

"அதான் படம். நானும் அப்படித்தான் பாத்தேன். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் பாத்தாரு. அந்தச் சந்துக் கடையில எடுத்தோம். இல்லேங்கிறீங்களே?"

இன்னொருவர் எழுந்தார், புக்கிட் பாத்தோக் வட்டாரத்துக்காரர். அவர் வீட்டிலும் ரயில்தான். சுவர் ஓரத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது, அங்கேயும் ரயில். கடைக்காரர் அந்தப் பிசகிய கேசட்டையே மூலப் பிரதியாக வைத்து ஊருக்கெல்லாம் நகல் எடுத்திருக்கிறார். நான் ஒருவன் செய்த தவறு என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தீவில் ஒரு தலைமுறையே அந்தப் படத்தின் முடிவில் ரயிலை விட்டிருக்கிறது.

"சார்," என்றார் பின்வரிசையில் ஓர் இளைஞர். கட்டுமானக் கம்பெனியில் பொறியாளர், தஞ்சாவூர்ப் பக்கம். "எங்க ஊர்ல டிவில போடுவாங்க. எங்களுக்குப் போட்டோதான் முடிவு. ரயிலெல்லாம் கிடையாது."

"போட்டோவா? அந்த அண்ணன் போய் போட்டோவுக்கு நிப்பானா?" என்றார் கைப்பை அம்மா, தன் பிள்ளையைப் பற்றி யாரோ தப்பாகச் சொன்னது போல.

"பாத்துடலாம்மா," என்றேன். என் நோக்கம் அதைப் போட்டுவிட்டு, எவ்வளவு சாதாரணமான முடிவு பாருங்கள், என்று மன்னிப்புக் கேட்பதுதான்.

விளக்கை அணைத்தார்கள். பெரிய திரையில் குடும்பம் வரிசையாக நின்றது. நடுவில் நாற்காலியில் அண்ணன். போட்டோக்காரர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, சிரிங்க, சிரிங்க என்று கையாட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அப்போது அவர் வலது கை மெல்ல நகர்ந்தது. இடது கையின் சட்டை முனை நைந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சிரித்த முகம் சிரித்தபடியே இருக்க, வலது உள்ளங்கை போய் அந்தக் கிழிசலை மூடிக்கொண்டது. உடனே பளிச்சென்று வெளிச்சம். வணக்கம்.

வீட்டுத் தொலைக்காட்சியில் நான் இதைப் பார்க்கவில்லை. அப்போது நான் ரயிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டு வந்த மனிதர், கொடுத்தது தெரிந்துவிடக் கூடாதே என்று தங்கையின் போட்டோவுக்காகக் கிழிசலை மறைக்கிறார். யாரும் கவனிக்கவில்லை; தங்கைகூட. படம் பார்க்கிறவர்களும் கவனிக்க வேண்டும் என்று இயக்குநர் வற்புறுத்தவில்லை. ஊர் கேட்ட சந்தோஷ முடிவை ஊருக்குக் கொடுத்துவிட்டு, தன் பங்கை அந்தக் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இருட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கைப்பை அம்மா தாழ்ந்த குரலில், "அடப் பாவி மனுசா" என்றார். நடிகரையா இயக்குநரையா என்று தெரியவில்லை.

அடுத்து ஃபேக்டரியின் ரயிலையும் போட்டேன். அதே மனிதர், அதே கை, ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் உரிக்கிறது. விளக்கு வந்ததும் நான் சொன்னேன்: ஃபேக்டரியின் மற்ற படங்களில் இப்படியொரு கை கிடையாது. இந்தப் படம் குமாஸ்தா படத்துக்குப் பிறகு வந்தது. நடிகர் இந்தக் கையை என் இயக்குநரிடம் கற்றுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தோற்றுப்போனவன் கண்டுபிடிக்கிற வாதம் இது என்று எனக்கே தெரியும். ஆனால் நினைக்க நினைக்கச் சரியாகத்தான் படுகிறது. அதோடு, எடுத்து வந்த கையைத் தடுக்காமல் கேமராவை அசையாமல் வைத்திருந்த புண்ணியம் ஃபேக்டரிக்கும் உண்டு. அவரைப் பற்றிப் பேசியதையெல்லாம் அன்று அந்த மேடையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன், மாடிப்படிகளைத் தவிர.

முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் மனைவி.

"எனக்கு ஒரு கேள்வி. அவரு ஏன் ரயில்ல ஏறல?"

இத்தனை வருடம் நான் அவளுக்குச் சொன்ன காரணம், தங்கை மேல் இருந்த வருத்தம். ஃபேக்டரியின் இந்தப் படத்திலோ தங்கை உண்டா என்றே எனக்குத் தெரியாது. கடைசிக் காட்சியைத் தவிர அதில் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

"தெரியல," என்றேன்.

"வேற யாரையாச்சும் எதிர்பாத்துகிட்டு இருந்திருப்பாரு," என்றார் புக்கிட் பாத்தோக்காரர்.

"இல்ல சார், டிக்கெட் எடுத்திருக்க மாட்டாரு," என்றார் தஞ்சாவூர் இளைஞர்.

"போய்யா, அந்த மூஞ்சிய பாத்தா டிக்கெட் எடுக்காதவன் மாதிரியா இருக்கு? அவன் யாரையோ வழியனுப்ப வந்திருக்கான். அனுப்பிட்டான். அதுக்கப்புறந்தான் சுளைய வாயில போடுறான்," என்றார் கைப்பை அம்மா.

"அதெப்படி, ரயில்ல யாரும் ஏறவே இல்லையே?" என்றார் இளைஞர்.

"நீ ஒழுங்கா பாக்கல. திருப்பிப் போடச் சொல்லு."

திருப்பிப் போட்டேன். மறுபடியும் போட்டேன். இதற்குள் அடுத்த வகுப்புக்கு நடனம் சொல்லிக்கொடுக்கும் சீனப் பெண்மணி ஒலிபெருக்கியைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். செயலாளர் நன்றியுரையைச் சுருக்கிக்கொண்டார். நாங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பாட்டு அதிரத் தொடங்கிவிட்டது. நடைபாதையில் போய்ப் பார்த்தால், கைப்பை அம்மாவும் இளைஞரும் பாட்டை மீறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மனைவி, இல்லாத சட்டைக் கிழிசல் ஒன்றை உள்ளங்கையால் மூடிக் காட்டி, "இல்லங்க, இப்படி, மெதுவா" என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

நான் போய் ஓரமாக நின்றேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.